இணையத்தளத்திற்கும் வருட இறுதிக் கணக்கெடுப்பு வேண்டும்

“சேர், ஒங்கட வெப்சைட்டுல மூணு வருஷம் எண்டு போட்டிருந்திச்சி. அத நம்பித்தான் நான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்.”

2009 ஆம் ஆண்டு கொழும்பு, புதுக்கடையிலுள்ள எனது அலுவலகத்துக்கு வந்த ஒரு வியாபாரி சொன்ன வார்த்தைகள் இவை. இரும்புச் சாமான் கடை நடத்துபவர். ஒரு கட்டட ஒப்பந்தகாரருக்குக் கடைக் கணக்கில் கடனாகக் கொடுத்த பொருட்களுக்கு நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா வரவேண்டியிருந்தது. பணம் கொடுக்க வேண்டிய திகதி கடந்து பதினான்கு மாதங்களாகியிருந்தன. வழக்குத் தொடர இன்னும் காலம் இருக்கிறது என்று அவர் நினைத்ததற்குக் காரணம் நான்தான்.

எழுத்து மூல ஒப்பந்தமாயின் ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தமாயின் மூன்று வருடம் என்று எனது இணையத்தளத்தில் எழுதியிருந்தேன். அது பிழையல்ல. ஆனால் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், விற்று ஒப்படைத்த பொருட்களுக்கும் கடைப் புத்தகக் கடன்களுக்கும் கடன் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடத்தைத்தான் தருகிறது. வியாபாரிகளுக்கு மிகவும் தேவையான அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதியது 2003 இல். அப்போது நான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகாத கனிஷ்ட சட்டத்தரணி. சட்டக் கல்லூரிக் குறிப்புகளைப் பார்த்து எழுதினேன். பின்னர் வந்த ஆறு வருடங்களில் இத்தகைய கடன் வழக்குகள் எத்தனையையோ கையாண்டுவிட்டேன். ஒரு வருட விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் வளர்ந்திருந்தேன், எனது தளமோ 2003 இலேயே நின்றிருந்தது. இந்தப் பாடத்தை எமது வியாபார நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலாவது கட்டம்: பெயர்ப் பலகை

எனது முதலாவது தளம் ஒரே பக்கம். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், சில சட்டக் குறிப்புகள் அவ்வளவுதான். எமது தொழிலில் அதற்கு மேல் பெரிதாக எழுதவும் முடியாது. சட்டத்தரணிகள் தமக்கு விளம்பரம் தேடுவதையும் ஆள் பிடிப்பதையும் 1988 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் கட்டுப்படுத்துகின்றன. “எந்த வழக்கையும் வென்று தருவோம்” என்று போட முடியாது. பயனுள்ள தகவலைக் கொடுப்பதுதான் எமக்கு உகந்த வழி. ஆகவேதான் அந்தத் தகவல் சரியாக இருக்க வேண்டியது இரட்டிப்பு அவசியமாகிறது.

தமிழ்ப் பகுதியை அக்காலத்தில் எல்லோரும் செய்தது போல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தோம். பாமினி இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரிந்தது. யாராவது தமிழில் தேடினாலும் கூகுளுக்கு எமது பக்கம் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றிய பின்னர்தான் தமிழ் வாசகர்கள் வரத் தொடங்கினார்கள். கடையைத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்த கதைதான் அது.

இரண்டாவது கட்டம்: புதிய தொழில், புதிய பக்கம்

பிறகு நொத்தாரிசாகவும் பணியாற்றத் தொடங்கினேன். காணி உறுதிகளும் கம்பனிப் பதிவுகளும் வந்தன. 2007 மே மாதம் 3 ஆம் திகதி, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்து 1982 ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கியது. முன்னர் ஒரு தனியார் கம்பனிக்கு ஆகக் குறைந்தது இரண்டு அங்கத்தவர்கள் வேண்டும். புதிய சட்டத்தின் கீழ் ஒரே ஒரு பங்குதாரருடன் கம்பனி அமைக்கலாம். எனது தளத்தில் அந்தப் பக்கத்தை ஒரு வாரத்திலேயே திருத்தினேன்.

கம்பனிப் பக்கத்தை உடனே திருத்தியவன் கடன் பக்கத்தை ஏன் திருத்தவில்லை? அன்று எனக்கு வருமானம் தந்தது கம்பனி வேலை. வருமானம் தரும் தட்டைத் தினமும் துடைப்போம். மூலையிலுள்ள தட்டில் தூசு படியும். ஆனால் வாடிக்கையாளர் எந்தத் தட்டில் கை வைப்பார் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

மூன்றாவது கட்டம்: உறுதி யாருடைய பெயரில்?

2011 இல் இன்னொரு அடி விழுந்தது. எனது தளத்தை வடிவமைத்த இளைஞர், இணைய முகவரியைத் தனது பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அதில் கள்ளத்தனம் எதுவுமில்லை, அவசரத்தில் செய்தது. பிறகு அவர் தொழிலுக்காக வெளிநாடு போய்விட்டார். வருடாந்தப் புதுப்பித்தல் அறிவித்தல் அவர் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. பதிவு காலாவதியாகி, ஒரு நாள் காலையில் தளமும் இல்லை, அதனுடன் இணைந்த மின்னஞ்சலும் இல்லை. ஆளைத் தேடிப் பிடித்து மீட்க மூன்று வாரங்கள் சென்றன. கட்சிக்காரர்கள் அனுப்பிய ஆவணங்கள் அந்த மூன்று வாரமும் திரும்பிப் போயின.

மற்றவர்களுக்குக் காணி உறுதி எழுதும்போது பெயரை மூன்று தடவை பார்க்கும் நொத்தாரிசு, தனது இணைய முகவரி யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்கவில்லை! கடையின் உறுதியைக் கடையைக் கட்டிய மேசனின் பெயரில் எழுதுவோமா?

நான்காவது கட்டம்: எதை எடுத்துவிடுவது?

அனுபவம் கூடக்கூட நான் செய்யும் வேலை குறுகியது. வியாபார, காணி விடயங்களை மட்டுமே பார்க்கலானேன். ஆனால் குடும்ப வழக்கு, விபத்து வழக்கு எல்லாம் தளத்தின் பட்டியலில் அப்படியே கிடந்தன. தூரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களிடம் “நான் இப்போது அதைச் செய்வதில்லை” என்று சொல்லி அனுப்ப நேர்ந்தது. அவர்களுடைய ஒரு நாளை நான் வீணாக்கினேன். செய்யும் வேலையைச் சேர்ப்பதை விட, விட்டுவிட்ட வேலையை எடுப்பதுதான் கடினம். அது எமது பழைய பெருமையைக் கழற்றி வைப்பது போலிருக்கும்.

இப்போது எம்முடன் மேலும் இரு சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். முகப்பில் எனது பெயரும் படமும் பெரிதாக இல்லை. எந்த விடயத்தை யார் பார்க்கிறார், வரும்போது எந்த ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும் என்பவைதான் முதலில் தெரியும். வருபவர்களில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார்கள். கைத்தொலைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குக் கூகுள் 2015 ஏப்ரலிலிருந்து தேடலில் முன்னுரிமை கொடுத்தது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்து காட்டத் தொடங்கியது. இவ்விரண்டையும் கவனிக்காத தளம், மின்குமிழ் எரியாத கடை போன்றது.

வியாபாரிகளுக்குச் சில ஆலோசனைகள்

வருட இறுதியில் கடையை ஒரு நாள் மூடி இருப்புக் கணக்கெடுக்கிறோம். அதே நாளில் இணையத்தளத்துக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

1. இணைய முகவரி உங்களது அல்லது உங்கள் கம்பனியின் பெயரில் பதிவாகியிருக்கிறதா? புதுப்பித்தல் அறிவித்தல் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலுக்கு வருகிறதா? கடவுச் சொற்கள் உங்கள் கையில் உள்ளனவா?

2. ஒவ்வொரு பக்கத்தையும் முதல் தடவையாக வரும் வாடிக்கையாளரைப் போல வாசியுங்கள். விலை, உத்தரவாதம், பொருளைத் திருப்பி எடுக்கும் நிபந்தனை என்பன இன்றும் சரியா?

3. இப்போது விற்காத பொருளையும் மூடிய கிளையையும் நீக்குங்கள்.

4. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகப் பார்த்த திகதியை எழுதுங்கள். திகதி பழையதாயின் வாசிப்பவர் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வார்.

5. சொந்தக் கைத்தொலைபேசியில் உங்கள் தளத்தைத் திறந்து, அதிலுள்ள இலக்கத்துக்கு நீங்களே ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். யார் பதில் சொல்கிறார்கள் என்பது தெரியவரும்.

அந்த இரும்புக் கடைக்காரரின் விடயத்துக்கு வருகிறேன். பழைய கடனை நம்பி வழக்குப் போட்டால், எதிராளி காலம் கடந்துவிட்டது என்ற ஒரு வாதத்திலேயே தப்பித்துக்கொள்வார். ஆகவே இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியவர் மூலம் பேசினோம். ஒப்பந்தகாரர் மூன்று இலட்சம் ரூபாவைத் தவணை முறையில் தருவதாகப் புதிய வாக்குறுதி ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார், தந்தும் முடித்தார். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் போனது போனதுதான். நான் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. வாங்கும் முகம் எனக்கு இருக்கவில்லை.

அன்று மாலையே அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். ‘கடைக் கணக்குக் கடனுக்கு ஒரு வருடம்’ என்ற வரி இன்று அதில் முதலாவதாக நிற்கிறது. இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தளத்தைப் பார்க்கும் முன்னர், உங்கள் கடன் புத்தகத்தைத் திறந்து பதினோராவது மாதத்தை எட்டிய கணக்கு ஏதும் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.