ப்ரொமோஷனுக்கு ஆள் தேடுகிறீர்களா? சிக்கனமான சில குறிப்புகள்

இட்லிப்பொடி, ஊறுகாய், நலங்கு மாவு, சுங்குடிச் சேலை என்று வீட்டிலிருந்தே விற்கும் தோழிகளே, இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் ப்ரொமோஷனுக்குப் பணம் கட்டுமுன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. ஃபாலோயர் எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். ப்ரொமோஷன் செய்பவர் கடைசியாகப் போட்ட பத்து ரீல்ஸின் வியூஸை எழுதி, மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைவான ஒன்றையும் அடித்துவிட்டு, மீதிக்குச் சராசரி போடுங்கள். உங்கள் வீடியோவுக்கும் சுமாராக அவ்வளவுதான் வரும். பேரத்தையும் அந்தக் கணக்கிலேயே பேசுங்கள்.

2. கமென்ட்டுகளைப் பொறுமையாகப் படியுங்கள். "அக்கா, இது எங்க வாங்குனீங்க?", "கோயம்புத்தூருக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்கும் கூட்டம் இருந்தால் அவர்தான் நமக்கு வேண்டிய ஆள். அதே ஏழெட்டுப் பேர் எல்லா வீடியோவிலும் "சூப்பர்" மட்டும் போட்டிருந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

3. பார்ப்பவர்கள் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அவருடைய இன்சைட்ஸ் பக்கத்தில் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காமல் ஸ்கிரீன் ரெக்கார்டிங்காகக் கேளுங்கள்; படத்தில் எண்ணை மாற்றுவது சுலபம். தமிழ்ச் சேனல்களை இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலும் பார்ப்பார்கள். நீங்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் கூரியர் அனுப்புபவர் என்றால், அவர்களுக்கும் சேர்த்தல்லவா காசு கொடுக்கிறீர்கள்!

4. மதுரைக்குள் மட்டும் கேக் டெலிவரி செய்கிறீர்களா? மதுரைக் கடைகளைச் சுற்றிக் காட்டும் ஐயாயிரம் ஃபாலோயர் தம்பியே போதும். லட்சம் பேர் பார்க்கும் சென்னைப் பக்கத்தால் உங்களுக்கு ஒரு கேக்கும் கூடுதலாக விற்காது.

5. தேடும் வேலையை வாடிக்கையாளர்களிடமே விடுங்கள். "நீங்க யாரோட சமையல் வீடியோ பார்ப்பீங்க?" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேட்டால், ஒரே நாளில் பட்டியல் கைக்கு வந்துவிடும். அவர்களில் ஒருவரே ரீல்ஸ் போடுபவராக இருந்தால் இன்னும் நல்லது; நம் பொருளைப் பயன்படுத்திப் பார்த்தவர் பேச்சில் தனி நம்பிக்கை இருக்கும்.

6. மூன்று மாதப் பழைய பதிவுகள் வரை கீழே போய்ப் பாருங்கள். இந்த வாரம் ஒரு ஹேர் ஆயில், அடுத்த வாரம் வேறொரு ஹேர் ஆயில் என்று மாற்றி மாற்றிப் புகழ்பவர் வேண்டாம். சூதாட்ட ஆப், கடன் ஆப் விளம்பரம் செய்பவர் பக்கமே போகாதீர்கள்.

7. பொடி, தொக்கு வகைகளுக்கு யூடியூப் சமையல் வீடியோ நல்லது. குறிப்பைத் தேடுபவர்கள் மாதங்கள் கழித்தும் அதைப் பார்ப்பார்கள். சேலை, நகைக்கு ரீல்ஸ் போதும்.

8. பணத்துக்குப் பதில் பொருள் கொடுக்கும் முறைக்குச் சிறிய பக்கக்காரர்கள் சிலர் சம்மதிப்பார்கள். 1,500 ரூபாய்ப் பொருள் என்றாலும் உங்களுக்கு அடக்கவிலைதானே செலவு. ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். வீடியோ எடுப்பதும் எடிட் செய்வதும் உழைப்புதான்.

9. சம்மதம் சொல்லுமுன் பேப்பரும் பேனாவும் எடுங்கள். அவர் கேட்பது 6,000 ரூபாய், ஒரு பாட்டிலில் உங்களுக்கு நிற்கும் லாபம் 60 ரூபாய் என்றால், 100 பாட்டில் விற்றால்தான் போட்ட காசே திரும்பும். அவர் வழியாக 100 ஆர்டர் வரும் என்று தோன்றாவிட்டால், அதே பணத்தை 2,000 வீதம் மூன்று சிறியவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கொரு தள்ளுபடிக் கோடு கொடுத்தால் யாரால் எத்தனை ஆர்டர் வந்தது என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை அதிக ஆர்டர் கொண்டுவந்தவரோடு மட்டும் தொடரலாம். என்னைக் கேட்டால், மற்ற எதை விட்டாலும் இந்தக் கணக்கை விடக் கூடாது.

10. பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் போடுவார், எத்தனை ஸ்டோரி, எத்தனை மாதம் அழிக்காமல் வைத்திருப்பார். பாதிப் பணம் முன்பணமாகவும் மீதி வீடியோ வந்த பிறகும் கொடுக்கலாம். அந்த வீடியோவை உங்கள் பக்கத்திலும் போட்டுக்கொள்ள அப்போதே அனுமதி கேளுங்கள், தனியாகப் படம் எடுக்கும் செலவு மிச்சம்.

11. வசனம் முழுக்க எழுதிக் கொடுக்காதீர்கள். கடைப் பெயர், விலை, ஆர்டர் செய்யும் எண் ஆகிய மூன்றும் பிழையில்லாமல் வந்தால் சரி. கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ, அவர் எப்போதும் பேசுகிறபடியே பேசட்டும்.

12. காசோ பொருளோ வாங்கிப் போடும் வீடியோவில், அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். இன்ஸ்டாவில் அதற்கென லேபிள் உண்டு, யூடியூபில் டிக் போடும் வசதி உண்டு. "அதெல்லாம் போட்டா ரீச் போயிடும்" என்று மழுப்புபவர் வேண்டாம்.

13. "ஏழே நாளில் முடி வளரும்", "சர்க்கரை இறங்கும்" என்று அவர் தானாகச் சேர்த்துப் பேசினால் வெளியிடுமுன் வெட்டச் சொல்லுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். பேசியவர் மீது மட்டுமல்ல, தயாரித்த உங்கள் மீதும்தான். உணவுப் பொருளென்றால் லேபிளில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை ஒரு நொடி காட்டச் சொல்லுங்கள், வாங்குபவருக்குத் தெம்பாக இருக்கும்.

14. தீபாவளிக்கு ஆள் வேண்டுமென்றால் ஆடியிலேயே பேசி வையுங்கள். ஐப்பசி நெருங்க நெருங்க எல்லோரும் ரேட்டை ஏற்றுவார்கள். வீடியோ வரும் வாரத்தில் எத்தனை ஆர்டர் தாங்கும் என்று பார்த்து, டப்பா, லேபிள், கூரியர் கவர் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அதற்கு மேல் வந்தால் எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்பதை வீடியோவின் கீழேயே எழுதச் சொல்லிவிடுங்கள்.