டாங்கிள் இப்போது யார் கையில்?

சிங்கப்பூர் முஸ்தபாவில் ஒரு ப்ரீபெய்ட் சிம், சிம் லிம் ஸ்கொயரில் ஒரு யூஎஸ்பி டாங்கிள், மடிக்கணினியில் கியூப்ஸ் ஓஎஸ். இந்த மூன்றையும் சேர்த்துவிட்டு "நெட் வரவில்லை அங்கிள்" என்று வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீ பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பியாக இருக்கலாம், ஓர் அலுவலகத்தில் ஐடி பார்க்கும் தங்கச்சியாக இருக்கலாம். வயசு தந்த உரிமையில் 'நீ' என்றே பேசுகிறேன்.

கியூப்ஸை போலந்துச் சரக்கு என்பார்கள். சரிதான். ஆனால் அதைத் தொடங்கிய ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா 2006இல் வேலை பார்த்தது சிங்கப்பூரில் இயங்கிய கோசின்க் என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்கு. அந்த ஆண்டு ஜூலையில் இங்கே நடந்த சிஸ்கேன் மாநாட்டில்தான் 'புளூ பில்' என்ற வித்தையைக் காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை, அதற்கே தெரியாமல், ஒரு மெய்நிகர் கணினிக்குள் தள்ளிவிடும் வித்தை. தாக்குவதற்குப் பயன்பட்ட அதே நுட்பத்தைக் காவலுக்குத் திருப்பியதுதான் கியூப்ஸ். 2010இல் அறிவித்தார்கள், 2012இல் முதல் பதிப்பு வந்தது. அதனால் நம் ஊருக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

1. கியூப்ஸைத் திட்டுவதற்கு முன் டாங்கிளுக்கு உயிர் இருக்கிறதா என்று பார். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலோடு போய்விட்டது. 2024 நவம்பர் முதல் 3ஜியையும் நிறுத்திவிட்டார்கள். அலமாரி மூலையில் கிடந்த பழைய 3ஜி டாங்கிளைச் செருகினால் விளக்கு அழகாக மினுக்கும், ஆனால் ஒரு கோபுரமும் பதில் சொல்லாது. 4ஜி என்று மேலே அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. இங்கே 4ஜி பெரும்பாலும் 1800, 2600, 900 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கிவந்த டாங்கிளுக்கு அந்த அலைவரிசைகள் தெரியாமல் இருக்கலாம். ஊரிலிருந்து கொண்டுவந்தது, விற்ற கம்பெனியின் சிம்முக்கே பூட்டப்பட்டிருக்கலாம். சிம்மில் பின் பூட்டு இருந்தால் கைபேசியில் போட்டு எடுத்துவிடு. பிறகு நண்பனின் சாதாரண விண்டோஸ் கணினியில் செருகிப் பார். அங்கே நெட் வந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போ. இன்னொன்று, ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்தான் வாங்கலாம். சோதனைக்கு என்று அடுத்தவர் பெயரில் பதிந்த சிம்மைத் தொடாதே.

2. வேறு எந்தக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்த டாங்கிள் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான். சாதாரண லினக்ஸில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, ஒரே கெர்னல், எல்லாம் அதன் கையில். கியூப்ஸில் அப்படி இல்லை. ஸென் என்ற ஹைப்பர்வைசர் அடியில் இருக்கிறது. அதன் மேல் கியூப் எனப்படும் பல தனித்தனி மெய்நிகர் கணினிகள். ஹெச்டிபி புளோக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு இருக்கிற மாதிரி. திரையையும் மற்றவற்றையும் நிர்வகிப்பது டாம் ஸீரோ. யூஎஸ்பி கன்ட்ரோலரை வைத்திருப்பது சிஸ்-யூஎஸ்பி. வைஃபை அட்டையும் கேபிள் அட்டையும் சிஸ்-நெட்டிடம். நீ செருகும் டாங்கிள் முதலில் போய்ச் சேருவது சிஸ்-யூஎஸ்பிக்கு. இணையம் பேச வேண்டியதோ சிஸ்-நெட். உன் தொல்லை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. வலது மேல் மூலையில் சாதனங்களைக் காட்டும் சிறு ஐகானை அழுத்து, எது யாரிடம் என்று பட்டியலிடும்.

3. பொறுமை போய் டாங்கிளை டாம் ஸீரோவுக்குக் கொடுத்துவிடாதே. யூஎஸ்பி கன்ட்ரோலரை அங்கே விட்டுவைத்து, அங்கேயே நெட்வொர்க் மென்பொருளை நிறுவி நெட் வரவழைத்தவர்கள் உண்டு. நெட் வரும், கியூப்ஸ் போய்விடும். டாம் ஸீரோவுக்கு வேண்டுமென்றேதான் நெட் வைக்கவில்லை. அது விழுந்தால் எல்லாமே விழும். 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் யூஎஸ்பி சாதனத்தின் உள்மென்பொருளை மாற்றி அதைக் கீபோர்டாக நடிக்க வைக்கலாம் என்று காட்டினார்கள். 2018 ஜூனில் டிரம்ப்–கிம் சந்திப்புக்கு வந்த செய்தியாளர்களுக்கு வெயிலுக்காக யூஎஸ்பி விசிறி கொடுத்தபோது உலகமே கூச்சல் போட்டது நினைவிருக்கும். பிரித்துப் பார்த்தால் அது வெறும் விசிறி. ஆனால் கூச்சல் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

4. டாங்கிளுக்கு இரண்டு முகம். பலர் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். செருகியவுடன் அது பெரும்பாலும் மோடமாக வருவதில்லை. விண்டோஸுக்கான டிரைவரை வைத்திருக்கும் ஒரு சிடி டிரைவ் மாதிரி வேஷம் போட்டு வரும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு மென்பொருள் ஒரு கட்டளை அனுப்பினால்தான் வேஷத்தைக் கலைத்து மோடமாகும். கலைக்கும்போது என்ன நடக்கிறது? பழைய சாதனம் கழன்றுபோய்ப் புதிய அடையாள எண்ணோடு வேறொரு சாதனம் செருகப்பட்ட மாதிரி கணினிக்குத் தெரிகிறது. ஹுவாவெய் ஈ3372ஐ எடுத்துக்கொள். முன்பாதி எண் எப்போதும் 12டி1, அது கம்பெனியின் அடையாளம். பின்பாதி முதலில் 1எஃப்01 என்று இருக்கும். வேஷம் கலைந்த பின் ஹைலிங்க் வகையில் (அது என்ன என்று ஏழாம் எண்ணில் சொல்கிறேன்) 14டிசி ஆகிவிடும்.

இப்போது கியூப்ஸில் இதை ஓட்டிப் பார். சிடி வேஷத்தில் இருக்கும்போதே நீ அதை சிஸ்-யூஎஸ்பியிலிருந்து சிஸ்-நெட்டுக்கு இணைத்துவிடுகிறாய். சிஸ்-நெட் வேஷத்தைக் கலைக்கிறது. பழைய எண்ணுக்குப் போட்ட இணைப்பு அந்த நொடியே அறுந்து, புதிய எண்ணோடு டாங்கிள் மறுபடி சிஸ்-யூஎஸ்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீயோ சிஸ்-நெட்டின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டு, வந்த மோடம் எங்கே போனது என்று தேடுகிறாய். வழி எளிது. மோட்ஸ்விட்ச் வேலை சிஸ்-யூஎஸ்பியிலேயே நடக்கட்டும். அங்கே எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்து எண் மாறிவிட்டதா என்று பார். மாறி, சில விநாடி அசையாமல் நின்ற பிறகு சிஸ்-நெட்டுக்கு இணை. மடிக்கணினியை மூடித் திறந்தால் பல டாங்கிள்கள் மறுபடி சிடி வேஷத்துக்குப் போய்விடும். அப்போதும் இதே வரிசைதான்.

5. ஒவ்வொரு முறையும் இப்படிக் கையால் இணைக்கச் சலிப்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. யூஎஸ்பி கன்ட்ரோலரையே சிஸ்-நெட்டிடம் கொடுத்துவிடு. நிறுவும்போதே நெட்டையும் யூஎஸ்பியையும் ஒரே கியூபில் வைக்கலாமா என்று ஒரு தேர்வு கேட்கும், அதைத்தான் சொல்கிறேன். அப்புறம் டாங்கிள் எத்தனை வேஷம் மாற்றினாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். இது காவலைக் குறைக்காதா என்று கேட்பாய். கொஞ்சம் குறைக்கும், கெட்ட யூஎஸ்பி ஒன்று உள்ளே வந்தால் வெளியே பேச அதற்கு நெட் தயாராக இருக்கும். ஆனால் சிஸ்-நெட்டை நம்பாதே என்பதுதான் கியூப்ஸின் அடிப்படையே. மோடம் தவிர வேறெதையும் செருகாதவருக்கு இது நியாயமான விலை என்பது என் கருத்து. ஊரார் பென்டிரைவையெல்லாம் வாங்கிச் செருகுபவர் நான்காம் எண்ணோடு நிற்கட்டும்.

கன்ட்ரோலரை நகர்த்தும் முன் இரண்டு எச்சரிக்கை. மேசைக் கணினியில் கீபோர்டே யூஎஸ்பி என்றால், டிஸ்க் கடவுச்சொல்லைத் தட்டக்கூட வழியில்லாமல் வெளியே நிற்க நேரலாம். அடுத்து, கன்ட்ரோலரைக் கொடுத்த பின் சிஸ்-நெட் எழவே மறுத்தால், அந்தச் சாதனத்துக்கு ஸ்ட்ரிக்ட் ரீசெட் வேண்டாம் என்ற தேர்வைப் போட்டுப் பார். பல கன்ட்ரோலர்களுக்கு அது தேவைப்படும்.

6. மென்பொருளை டெம்ப்ளேட்டில், அதாவது சிஸ்-நெட் எந்த மூல அச்சிலிருந்து எழுகிறதோ அதில், நிறுவு. சிஸ்-நெட்டுக்குள் போய் நிறுவினால் இன்று வேலை செய்யும், நாளைக்கு ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போகும். மோடம் மேனேஜர், மோட்ஸ்விட்ச், அதன் தரவுப் பொதி வேண்டும். ஃபெடோராவில் நெட்வொர்க் மேனேஜரின் மொபைல் பகுதி தனிப் பொதியாக இருக்கும், அதையும் சேர். சாதனத்தைக் கியூப் விட்டுக் கியூப் இணைக்க கியூப்ஸ் யூஎஸ்பி பிராக்ஸி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். மினிமல் டெம்ப்ளேட் பிரியர்கள் மறப்பது இதைத்தான்.

நெட் வர மென்பொருள் வேண்டும், மென்பொருள் வர நெட் வேண்டும். நல்ல வேளையாக இந்த ஊரில் வயர்லெஸ்@எஸ்ஜி 2006 முதல் இருக்கிறது. ஏதாவது நூலகத்தில் போய் உட்கார்ந்து வைஃபையில் டெம்ப்ளேட்டைப் புதுப்பித்துக்கொள்.

7. உன்னுடையது எந்தச் சாதி டாங்கிள் என்று தெரிந்துகொள். ஹைலிங்க் வகை தானே ஒரு குட்டி ரூட்டர். சிஸ்-நெட்டுக்கு அது கேபிள் மாதிரியே தெரியும், மோடம் மேனேஜருக்கு அங்கே வேலையே இல்லை. அதன் அமைப்புப் பக்கம் 192.168.8.1. அதை சிஸ்-நெட்டில் பிரௌசர் வைத்துத் திறக்காதே, தூக்கிப்போடும் டிஸ்போஸபிள் கியூபிலிருந்து திற. ஏபிஎன்னை, அதாவது சிம் கம்பெனியின் நெட் நுழைவாயில் பெயரை, அங்கேயே மாற்றலாம். ஸ்டிக் வகையென்றால் நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் இணைப்பு ஒன்றை உருவாக்கி ஏபிஎன் எழுத வேண்டும். சிங்டெல் போஸ்ட்பெய்டுக்கு இ-ஐடியாஸ், ப்ரீபெய்டுக்கு ஹைகார்ட், எம்1-க்கு சன்சர்ஃப். ஸ்டார்ஹப்பிலும் ப்ரீபெய்டுக்கு ஒன்று, போஸ்ட்பெய்டுக்கு வேறொன்று. சிக்னல் முழுதாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ஏபிஎன் மேல்தான் விழ வேண்டும்.

8. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க டாங்கிள் பக்கமிருந்து உள்நோக்கி வா. சிஸ்-நெட்டில் நின்று ஓர் ஐபி முகவரிக்குப் பிங் அடி. போகவில்லை என்றால் குற்றம் மோடத்தில், ஃபயர்வாலை நோண்டாதே. ஐபி போகிறது, பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ். சிஸ்-நெட்டில் எல்லாம் சரி, உன் வேலைக் கியூபில் மட்டும் இல்லை என்றால் அந்தக் கியூபுக்கு நெட் தரும் கியூபாக சிஸ்-ஃபயர்வாலைக் காட்டியிருக்கிறாயா என்று பார். எல்லாம் சரியாக இருந்தும் பாதுகாப்பான பக்கங்கள் மட்டும் முரண்டு பிடித்தால் கடிகாரத்தைப் பார். கியூப்ஸில் நேரம் பெரும்பாலும் சிஸ்-நெட் வழியாகத்தான் வருகிறது. அது நெட் இல்லாமல் கிடந்தால் மற்றவையும் தப்பான நேரத்தில் ஓடும்.

9. மலிவான ஹப்பில் செருகாதே. மோடம் கோபுரத்தோடு பேசும்போது மின்சாரத்தை இழுக்கும், ஹப் தராது, டாங்கிள் விழுந்து விழுந்து எழும். பதிவுகளில் அது மென்பொருள் கோளாறு மாதிரியே தெரியும்.

10. இத்தனையும் செய்து ஒரு சனிக்கிழமை போய்விட்டதா? விட்டுவிடு. சிம் போடும் ஒரு சின்ன 4ஜி ரூட்டர் வாங்கு, கேபிள் துளை உள்ளதாக. உன் மடிக்கணினியிலும் கேபிள் துளை இருந்தால் அதில் செருகு, இல்லாவிட்டால் அந்த ரூட்டரின் வைஃபை. இரண்டு அட்டையும் ஏற்கெனவே சிஸ்-நெட்டிடம் இருப்பதால் வேஷம், இணைப்பு, கன்ட்ரோலர் எதுவும் உன் தலைவலி இல்லை. கேபிளுக்காக யூஎஸ்பி அடாப்டர் வாங்கினால் மட்டும் நான்காம் எண்ணின் தொல்லையில் பாதி திரும்பி வந்துவிடும். ரூட்டருக்கு மின்சாரம் வேண்டும் என்று மடிக்கணினியின் யூஎஸ்பியில் செருகாதே. தனி சார்ஜரில் மாட்டிச் சுவரில் செருகு.