வேஷம் கலைக்கும் நேரம்

அன்புள்ள மருமகனுக்கு,

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ரூமில் மற்ற பையன்கள் தூங்கிக்கொண்டிருக்க, போனிலேயே 'தி டார்க் நைட்' படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஏழு நிமிஷம் பேசியிருக்கிறாய். பேட்மேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் ஜோக்கர்தான். மறுநாளே உன் வாட்ஸ்அப் படமும் மாறிவிட்டது. வெள்ளைப் பூச்சு, கரி அப்பிய கண், காது வரைக்கும் கிழிந்த சிவப்பு வாய். உன் அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போய் எனக்கு போன் போட்டு, "பையனுக்கு என்னண்ணா ஆச்சு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, நல்ல நடிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டான் என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் நீ சொன்னதில் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வேஷம்தான் ஹீத் லெட்ஜரைக் கொன்றது, நிஜ நடிகன் என்றால் அப்படித்தான் தன்னையே எரித்துக்கொள்ள வேண்டும் என்றாய். வருகிற கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் வில்லன் வேஷம் உனக்குத்தான் என்றும், அதற்காக ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருக்கப் போவதாகவும் சொன்னாய். அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லெட்ஜர் இறந்தது 2008 ஜனவரி 22 அன்று. வயது 28. வலிக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எடுத்துக்கொண்ட மருந்துகள் உடம்பில் ஒன்றோடொன்று சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டன. தற்செயலாக நேர்ந்த மரணம் என்றுதான் பரிசோதனை முடிவு சொன்னது. ஜோக்கர் படப்பிடிப்பு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. சாகும்போது டெர்ரி கில்லியம் இயக்கிய வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். தூக்கம் வராமல் அவர் தவித்தது உண்மை. அதே சமயம், அதுவரை நடித்ததிலேயே தனக்கு அதிக சந்தோஷம் கொடுத்த வேஷம் ஜோக்கர்தான் என்று பேட்டியில் சொன்னவரும் அவர்தான். படம் ஜூலையில் வெளிவந்தது. 2009 பிப்ரவரியில் அவருக்கு அறிவித்த ஆஸ்கரை அப்பாவும் அம்மாவும் அக்காவும் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். தூக்கமில்லாத ஓர் இளைஞனின் சாவை எடுத்து, கலைக்குக் கொடுத்த பலி என்று கதை கட்டுவது அந்த மனுஷனுக்குச் செய்கிற அநியாயம் மாப்ளே.

அந்த 2008-ஆம் வருஷத்தை என்னால் மறக்க முடியாது. மார்ச் 19 அன்று ரகுவரன் போனார். நவம்பர் 19 அன்று எம்.என். நம்பியார் போனார். உன் வயசுப் பையன்களுக்கு ரகுவரன் என்றால் 'பாட்ஷா' மார்க் ஆண்டனி மட்டும்தான். குரலை உயர்த்தாமலே எதிரில் நிற்பவனை வியர்க்க வைப்பார். நம்பியார் எம்.ஜி.ஆரிடம் அடி வாங்காத வருஷம் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு அவர் திரையில் நுழைந்தாலே எங்கள் ஊர்க் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஆனால் அதே மனுஷன் ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போன குருசாமி, மாமிசமும் மதுவும் தொடாதவர். 89 வயது வரை நிறைவாக வாழ்ந்தார். அத்தனை கொடுமையையும் திரையில் செய்த கை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூஜை செய்தது.

நான் சிப்காட்டில் லேத் பிடித்த காலத்தில் எங்கள் கேன்டீனில் இதுதான் தினப்படி வாதம். ஓசூரில் ஒரே மேஜையில் மூன்று மொழி சாப்பிடுமே. அத்திப்பள்ளியில் இருந்து வருகிற கன்னடத்துக்காரர் 'சம்பத்திகே சவால்' வஜ்ரமுனிக்கு ஈடு உண்டா என்பார். தெலுங்கு பேசுகிற ஃபிட்டர் 'முத்யால முக்கு' ராவ் கோபால் ராவ் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசிக் காட்டுவார். நான் நம்பியாரையும் எம்.ஆர். ராதாவையும் இறக்குவேன். கதாநாயகர்களைப் பற்றி இப்படிப் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். வில்லன்களைப் பற்றிப் பேசினால் மூன்று மொழிக்காரனும் மற்றவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பான். வில்லன் நடிப்பில் வேலைப்பாட்டைத்தான் பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது போல.

அந்த வேலைப்பாட்டைத்தான் ஜோக்கரிடமும் நீ பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவன் நாக்கைக் கவனி. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். வாயோரத் தழும்புகளைச் செயற்கையாக ஒட்டியிருந்தார்கள். பேசப் பேச அது பிய்யும். பிய்யாமல் இருக்க நாக்கால் தடவிக்கொண்ட பழக்கத்தையே லெட்ஜர் பாத்திரத்தின் சுபாவமாக மாற்றிவிட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லி அதன்மேல் வெள்ளை பூசினார்கள். நெற்றி விரிந்ததும் பூச்சு வெடிப்பு விட்டது. நேற்றைக்குப் பூசி, இன்றைக்கும் கழுவாத முகம் என்று பார்த்தவுடனே நமக்குத் தெரிகிறது. நடிக்கும் முன் ஒரு மாதம் ஹோட்டல் அறையில் அடைந்துகொண்டு குரல் தேடினாராம், நோட்டுப் புத்தகம் எழுதினாராம். இதைக் கேட்டுத்தான் நீயும் ஒரு வாரம் பேசாமல் இருக்கப் போகிறாய் என்று நினைக்கிறேன். அவர் அறைக்குள் போனது பைத்தியமாவதற்கு இல்லை, ஒத்திகைக்கு. ஒரு சிரிப்பை நூறு விதமாகச் சிரித்துப் பார்த்து தொண்ணூற்றொன்பதைத் தள்ளியிருப்பார். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவு தப்பிய பீஸை ஸ்கிராப்பில் போடுகிறாயே, அது மாதிரி.

இன்னொன்றும் கவனி. தழும்பு எப்படி வந்தது என்று ஒருவனிடம் அப்பா கதை சொல்கிறான், இன்னொருத்தியிடம் மனைவி கதை சொல்கிறான். இரண்டுமே பொய்யாக இருக்கலாம். அவனுக்குக் காரணம் கொடுக்கவே கூடாது என்று இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தீர்மானித்திருக்கிறார். காரணம் தெரியாத நெருப்பு என்பதால்தான் அவன் நம்மைப் பயமுறுத்துகிறான். ஆனால் உன் ஸ்டேட்டஸில் அவன் பேசுவதை மட்டும் போட்டிருக்கிறாய். அந்த இரண்டு படகுக் காட்சியை ஏன் விட்டுவிட்டாய்? ஒரு படகில் கைதிகள், இன்னொன்றில் ஊர்ஜனம். ஒவ்வொரு படகிலும் அடுத்த படகை வெடிக்க வைக்கிற ரிமோட். யாராவது ஒருவன் நிச்சயம் அழுத்துவான் என்பது ஜோக்கரின் கணக்கு. மலை மாதிரி இருந்த கைதி ஒருவர் ரிமோட்டை வாங்கி ஜன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டு, போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் பக்கத்திலும் யாரும் அழுத்தவில்லை. மனுஷனைப் பற்றி ஜோக்கர் போட்ட கணக்கு அங்கே தோற்றுப்போகிறது. படம் அவனுக்குச் சொன்ன பதிலை விட்டுவிட்டு அவன் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

இனி, நீ பார்க்க வேண்டிய இன்னொரு வில்லனைச் சொல்கிறேன். 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த 'மின்னல் முரளி'. மலையாளப் படம், தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. பாசில் ஜோசப் எடுத்தது. ஒரே ராத்திரியில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது, இருவருக்கும் சக்தி வருகிறது. ஒருவன் தையல்காரன், அவன் நாயகன். இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்கிற ஷிபு, ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கி வைத்தவன். ஷிபுவாக நடித்தவர் நம் மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். இவரை உனக்குத் தெரியும். 2016-இல் ராஜுமுருகன் எடுத்த தமிழ் 'ஜோக்கர்' படத்தில் தன்னையே ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டு திரிகிற மன்னர் மன்னன் இவர்தான். அரைகுறையாகக் கட்டிய கழிப்பறை இடிந்து மனைவி படுக்கையில் விழுந்ததால் மனசு உடைந்தவன். தர்மபுரி மண்ணில் நடக்கிற கதை அது. 2004 வரைக்கும் நம் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டம்தானே. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்த ஆண்டு அதற்குத்தான் கிடைத்தது.

ஷிபுவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஆசை, உஷா. அவள் கடைசியில் அவனோடு வாழ ஒத்துக்கொள்கிற இடத்தில் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உதடு ஒரு பக்கம் கோணும், கன்னம் துடிக்கும், சிரிப்புக்கும் அழுகைக்கும் எது முந்துவது என்று போட்டி. சந்தோஷம் என்பதையே பழகாத ஒரு முகத்துக்கு அது திடீரென்று வந்து சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பிறகு ஊர் வைக்கிற தீயில் அவள் போய்விடுகிறாள். அதன்பின் அவன் ஊரையே அழிக்கக் கிளம்பும்போது தடுக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஜோக்கர் பெரிய நடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஷிபுதான் ஒருபடி மேல். ஜோக்கரைப் பார்த்து நான் அசந்து போனேன். ஷிபுவுக்காக அழுதேன்.

குரு சோமசுந்தரம் இந்த நடிப்பைக் கற்றுக்கொண்ட இடம் சென்னையின் கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கியது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து வியந்து, நம் நாடகத்துக்கான உடம்பும் குரலும் இங்கே இருக்கின்றன என்று கண்டுகொண்டவர் முத்துசாமி. ஆக, நெட்ஃபிளிக்ஸில் உலகமே பார்த்த அந்த வில்லனுக்குக் கூத்துக் களத்தோடு உறவு உண்டு. அந்தக் களம் உனக்குப் புதுசா? சின்ன வயசில் என் மடியில் தூங்கிக்கொண்டே பார்த்தவன் நீ.

துரியோதனன் வருகிறதை ஞாபகப்படுத்திப் பார். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். ஆள் தெரியாது, சலங்கை மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே அடி வைக்கிற கால். பின்னாலிருந்து குரல். திரை விலகுவதற்குள்ளேயே ஊர் பயந்து முடித்திருக்கும். துச்சாதனன் பாஞ்சாலி சேலையில் கை வைக்கும் முன் மேளத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனைக் கும்பிட்டு, தாயே பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டுதான் தொடுவான். பாரதத்தின் பதினெட்டாம் நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்கப் படுத்திருப்பான். பீமன் வந்து தொடையில் அடித்ததும், இத்தனை நாள் அவனைத் திட்டிய பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய்த் தானியக் குதிரில் போடுவார்கள். உன் பாட்டி கடைசி வரைக்கும் போட்டாள்.

இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. 24 வயதில் நானும் ஒரு வருஷம் துச்சாதனன் கட்டினேன். அந்த ராத்திரி கற்பூரம் ஏற்றியதும் ஞாபகம் இருக்கிறது, சேலையை இழுத்ததும் ஞாபகம் இருக்கிறது. களத்தை விட்டு வந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டீ கொண்டுவந்த சின்னப் பையன் தெரியாமல் என் மேல் சிந்திவிட்டான். ஓங்கி அறைந்துவிட்டேன். பன்னிரண்டு வயசு இருக்கும். அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கூத்து வாத்தியார் எழுந்து வந்தார். திட்டவில்லை. என்னை உட்கார வைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு அவரே என் முகத்து அரிதாரத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, நாளைக்கு எந்த ஷிஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிறகு, "அடுத்த வருஷம் உனக்கு வேஷம் இல்லை, திரை பிடி" என்றார்.

அவமானமாக இருந்தது. ஆனாலும் பிடித்தேன். திரைக்குப் பின்னால் நின்றபோதுதான் துரியோதனன் கட்டுகிறவரை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். இடது புஜக்கட்டைக் கயிறு தளர்ந்திருக்கிறது, இறுக்கு என்றார். சுருதியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி ஹார்மோனியக்காரருக்குக் கண் காட்டினார். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்து, மோட்டார் போட்டாச்சா, தண்ணீர் பாய்கிறதா என்று கேட்டார். அடுத்த நொடி முழங்கால் மடங்கி, நெஞ்சு விரிந்து, குரல் எழுந்தது. என் கையில் இருந்த திரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. அந்தக் குரலுக்குள்ளே தண்ணீர் பாய்கிறதா என்று கேட்ட அதே ஆள் முழு நிதானத்தோடு இருந்தார். நான் அந்தப் பையனை அறைந்தபோது எனக்குள்ளே யாரும் இல்லை.

ஆகவே ஒரு வாரம் பேசாமல் இருக்காதே. ரூம் பையன்களோடு வழக்கம்போலச் சாப்பிடு, அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணு. நாடகத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு. உன் வில்லனுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் போனது எப்போது என்று ஒரு பக்கம் எழுதிப் பார். அவன் எப்படி டீ குடிப்பான், கதவை எப்படிச் சாத்துவான் என்று நடந்து பார். கத்துகிற இடங்களில் பாதியை மெதுவாகச் சொல்லிப் பார், ரகுவரன் செய்ததைப் போல. நடித்து முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்களோடு பேச வேண்டும். வாட்ஸ்அப் படத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் நம் ஊரில் பாரதம். படுகளம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமை ஜெனரல் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறிவிடு. கன்னடம் பேசுகிற உன் ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்குக் கதை தெரியும், மொழி ஒரு பொருட்டில்லை. இருட்டுவதற்குள் வந்தால் துரியோதனன் கண்ணாடி முன் உட்கார்ந்து வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம், நான் வாத்தியாரிடம் சொல்லி வைக்கிறேன். காலையில் எல்லாரும் மண் எடுக்கப் போகும்போது நீ போகாதே. கொட்டகைக்குள் வந்து அவர் பக்கத்தில் உட்கார். எண்ணெய் தொட்டு அவர் முகத்தைத் துடைக்கும்போது துணி பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சீக்கிரம் துடைத்தாக வேண்டும், அவருக்கு அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட்.

அன்புடன்,
உன் மாமா