ஜூரோங் ஏரிக்கரைப் பூங்கா

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் மேற்கே இருக்கும் ஜூரோங் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. சதுப்பும் காடுமாகக் கிடந்த ஜூரோங்கை 1960களில் தொழிற்பேட்டையாக மாற்றினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஜூரோங் ஆற்றை மறித்து இந்த நீர்நிலையை உண்டாக்கினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே ஏரித் தீவுகளில் சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் எழுந்தன. ஆலையைத் திட்டமிட்டவர்களே தொழிலாளர் குடும்பங்கள் உலாவ இடமும் ஒதுக்கியது அபூர்வம். பல ஊர்களில் ஆலைப்புகை படிந்து வெகுகாலம் ஆன பிறகுதான் மரம் நினைவுக்கு வருகிறது.

இன்றைய ஜூரோங் ஏரித் தோட்டத்தின் பரப்பு 90 ஹெக்டேர். தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கிறது. மேற்குக் கரையிலுள்ள 53 ஹெக்டேர் ஏரிக்கரைத் தோட்டம் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய இரு தோட்டங்களும் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டன.

சுற்றிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள். விடுமுறை நாளில் கூட்டம் வரும். அதே கரையில் கொக்கும் நாரையும் நீர்நாயும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் இத்தகைய பூங்காவின் கடினமான வேலை.

நீரோரத்தில் ராசாவ் நடைபாதை என்ற 300 மீட்டர் நீளப் பலகைப் பாதை போகிறது. ராசாவ் நம் தாழையின் இனம். முன்பு ஜூரோங் ஆற்றோரம் வளர்ந்தது. அதை மீண்டும் நட்டிருக்கிறார்கள். அதன் வேர் கரை மண்ணைப் பிடித்து வைக்கும். அடர்ந்த புதரில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும். மீனைத் தேடிக் கொக்கு வரும். பாதை தரைக்கு மேலே நிற்பதால் மனிதர் காலடி சேற்றில் படுவதில்லை. சிமெண்ட் கரை கட்டியிருந்தால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். கொக்குக்கு அங்கே வேலை இருக்காது.

உள்ளே உயர்ந்து வளர்ந்த புல்வெளி ஒன்று உண்டு. வெட்டாமல் விட்டது சோம்பல் அன்று. புல்விதையைத் தின்னச் சில்லைகள் வருகின்றன, புல்லிழையைக் கிழித்துக் கூடு பின்னத் தூக்கணாங்குருவிகள் வருகின்றன. நடுவே பழைய இரும்புக் கம்பிகளால் செய்த மர வடிவச் சிற்பம் தனியாக நிற்கிறது.

குழந்தைகளின் ஆரவாரத்துக்குத் தனி இடங்கள். சதுப்புக்காட்டு விலங்குகள் தாவுவது, ஏறுவது போல அமைத்த விளையாட்டுத் திடல் ஒன்று. க்ளூசியா கோவ் என்னும் நீர் விளையாட்டுத் திடல் இன்னொன்று. அங்குள்ள நீர் செடிப் பாத்திகள் வழியே பாய்ந்து தெளிகிறது: வேரில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க, செடி அதை உரமாக உறிஞ்சிக்கொள்கிறது.

திறந்த புல்தரைகளில் குடும்பங்கள் கூடுகின்றன. ஏரியில் கயாக் ஓட்டலாம். நடு இலையுதிர் விழாவின்போது விளக்கு அலங்காரம் பார்க்கப் பெருங்கூட்டம் சேரும். மிகுந்த வெளிச்சமும் இரைச்சலும் கூடடையும் பறவைகளைக் கலைக்கும் என்பதால், எந்த ஏரிக்கரையிலும் விழாவை நாணல் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சில நாள் கொண்டாட்டத்துக்காகக் கூடுகளை இழப்பது நியாயமில்லை.

ஏரிக்கரைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லேக்சைட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பறவை பார்க்க விடியற்காலையில் போ. நீர்நாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் விலகி நின்று பார், தீனி போடாதே.

அன்புடன்,
அண்ணன்