கிரப் மிரட்டினால் கலங்காதீர்கள்

ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் உபுண்டுவையும் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் கிரப் என்ற பூட்லோடரின் கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்ததும் எல்லாம் போச்சு என்று தோன்றும். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. சாவி தொலைந்ததற்கு யாராவது வீட்டை இடிப்பார்களா? அவசரப்பட்டு ஃபார்மேட் அடிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது.

1. முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள். உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் பக்கம் போகாமல் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடியுங்கள். என்டிஎஃப்எஸ் இருந்தால் அது விண்டோஸ், எக்ஸ்ட்4 இருந்தால் உபுண்டு. இரண்டும் இடத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உபுண்டு பார்ட்டிஷன் எழுத்தும் பெயரும் இல்லாமல் கிடக்கும். வேண்டாத இடம் என்று நினைத்து டெலீட் செய்துவிடாதீர்கள்.

2. யுஇஎஃப்ஐயா, பழைய பயாஸா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் பூட் கோடுக்கு 446 பைட், பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட். விண்டோஸை மறுபடி போட்டால் அந்த பூட் கோடை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். யுஇஎஃப்ஐயில் அப்படி இல்லை. ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்றில் விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனி ஃபோல்டர். உபுண்டு திடீரென்று காணாமல் போனால், ஃபர்ம்வேர் செட்டிங்கில் பூட் வரிசையைப் பாருங்கள். பல நேரம் அதை மேலே ஏற்றினாலே போதும். பென்டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் ரிப்பேர் பலிக்காது.

3. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால், கிரப் தன் ஃபைல்களைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது என்று பொருள். 'எல்எஸ்' அடித்தால் பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, பூட் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். (எச்டி0,ஜிபிடி5) என்றால், 'செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்', 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' என்று வரிசையாக அடியுங்கள். மெனு வந்துவிடும். உள்ளே போனதும் கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

4. மெனுவில் விண்டோஸ் மட்டும் இல்லையா? 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. கிரப்பின் செட்டிங் ஃபைலில் அந்தத் தடையை நீக்கி, அப்டேட்-கிரப் கொடுங்கள்.

5. விண்டோஸின் ஷட் டவுனை நம்பாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுத முடியாது. வலுக்கட்டாயமாக எழுத வழி தேடாமல், விண்டோஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். சி டிரைவைச் சுருக்குவதையும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

6. பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்க்காமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள். செக்யூர் பூட்டை மாற்றினால் பிட்லாக்கர் கேட்கக்கூடிய 48 இலக்க ரிகவரி கீயை வேறோர் இடத்தில் எழுதி வைத்த பிறகே தொடுங்கள். ஆகஸ்ட் 2024இல் ஒரு விண்டோஸ் அப்டேட், பல லினக்ஸ் பூட்லோடர்களை 'ஷிம் எஸ்பாட்' பிழையோடு நிறுத்திவிட்டது. செக்யூர் பூட்டை அணைத்துத்தான் பலர் உள்ளே போனார்கள். கீ கையில் இருந்தவர்களுக்குக் கவலை இருக்கவில்லை.

7. விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் சரியாகும்.

8. பார்ட்டிஷன் பட்டியலே காணோமா? டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி தேடித் தரும். கண்டுபிடித்த பார்ட்டிஷனுக்குள் உங்கள் ஃபைல்கள் தெரிகிறதா என்று பார்க்காமல் 'ரைட்' கொடுக்காதீர்கள். டிஸ்க்கே டக் டக் என்று சத்தம் போட்டால், ரிப்பேர் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மிஷினை அணைத்துவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பூட்லோடரை எந்த நாளும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பேக்கப் இல்லாத போட்டோவை அப்படிப் போட முடியாது.