இன்னா செய்யாமையும் பென்குயின்களும்

திருவள்ளுவர் திருக்குறளில் 'கொல்லாமை'யை 33ஆவது அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்பாக, 32ஆவது அதிகாரமாக, 'இன்னா செய்யாமை'யைத் தனியே வைத்தார். கொல்லாதிருந்தாலே போதும் என்றால் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை. ஓர் உயிரைக் கொல்லாமலும், அதைத் தொடாமலுங்கூட அதற்குத் துன்பம் செய்ய முடியும். கொல்லாமையை எமது குடும்பங்களில் பலர் மரக்கறி உணவின் மூலம் கடைப்பிடிக்கிறோம். விடுமுறை நாட்களில் காட்டு உயிர்களைப் பார்க்கப் போகும்போது இன்னா செய்யாமையை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதே இம்மாதப் பாடம்.

மெல்பேர்ணிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தில் பிலிப் தீவு இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அங்கே அழைத்துச் செல்லாத குடும்பங்கள் எம்மிடையே குறைவு. இருள் சூழும் வேளையில் சின்னஞ்சிறு பென்குயின்கள் கூட்டங் கூட்டமாகக் கடலிலிருந்து கரையேறி, மணலைக் கடந்து தம் வளைகளுக்குச் செல்லும் காட்சியைக் காணவே எல்லோரும் போகிறோம். பென்குயின் இனங்களில் இதுவே மிகச் சிறியது. உயரம் 33 சென்ரிமீற்றர் அளவு. நிறை ஏறத்தாழ ஒரு கிலோ.

இந்தக் காட்சி எமக்குப் பொழுதுபோக்கு. பென்குயினுக்கு அது வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். நீரில் அம்பு போல் பாயும் அப்பறவை தரையில் தட்டுத் தடுமாறித்தான் நடக்கும். கழுகு முதலியவற்றுக்கு அஞ்சியே அது இருட்டும் வரை காத்திருந்து, தனியே வராமல் கூட்டமாக வருகிறது. வயிற்றில் குஞ்சுகளுக்கான மீன் இருக்கிறது. வளையில் குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன. அந்த வேளையில் முகத்துக்கு நேரே கமராவின் வெளிச்சம் பளிச்சிட்டால், இருளுக்குப் பழகிய கண்கள் கூசும். பறவை மிரண்டு மீண்டும் கடலுக்கே ஓடிவிடுவதும் உண்டு. படம் எடுத்தவருக்கு அது ஒரு நொடிச் செயல். குஞ்சுக்கோ உணவு அவ்வளவுக்குத் தாமதமாகிறது.

இத்தீவின் வரலாறும் நாம் அறிய வேண்டியது. 1920களில் உல்லாசப் பயணிகளை ரோச் வெளிச்சத்தில் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பென்குயின்களைக் காட்டத் தொடங்கினார்கள். அதே காலத்தில் பென்குயின்கள் வாழ்ந்த சமர்லாண்ட் பகுதி காணிகளாகப் பிரிக்கப்பட்டு, பின்னர் வீடுகளும் தெருக்களும் எழுந்தன. கார்களில் அடிபட்டும், நாய்களிடமும் நரிகளிடமும் அகப்பட்டும் பறவைகள் மாண்டன. ஒரு காலத்தில் தீவில் பத்து இடங்களில் பென்குயின் குடியிருப்புகள் இருந்தன. 1980களில் எஞ்சியது ஒன்று மட்டுமே.

அப்போது விக்ரோறியா அரசு அரிய முடிவொன்றை எடுத்தது. சமர்லாண்ட் பகுதியின் வீடுகளையும் காணிகளையும் உரிமையாளரிடமிருந்து திரும்ப வாங்கி, நிலத்தைப் பறவைகளுக்கே விடுவது என்று 1985இல் தீர்மானித்தது. அந்தப் பணி 2010இல் நிறைவேறியது. 2017இல் தீவில் நரிகள் முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் வீடுகளை அகற்றிப் பறவைகளின் வீடுகளைக் காத்த இச்செயலை நாம் வாழும் மாநிலமே செய்திருக்கிறது என்பது எமது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

இந்த எண்ணம் எமக்குப் புதியதல்ல. அகநானூற்றின் நான்காவது பாடல் குறுங்குடி மருதனார் இயற்றியது. கார்காலத்தில் தலைவன் தன் தேரில் தலைவியிடம் திரும்பி வருகிறான். வழியில் பூத்த சோலைகளில் வண்டுகள் தம் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஓசையால் அவை கலங்கிவிடுமே என்று அஞ்சி, மணிகளின் நாக்குகளை ஒலிக்காதபடி கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கும் வீடு சேரும் அவசரம் உண்டு. ஆயினும் தன் மகிழ்ச்சிக்காக இன்னோர் உயிரின் அமைதியைக் குலைக்க அவன் விரும்பவில்லை. அவன் பயணத்தை நிறுத்தவும் இல்லை, ஓசையைத்தான் நிறுத்தினான்.

அப்படியானால் பென்குயின் பார்க்கப் போவதே பிழையா? பிழை என்று நாம் கருதவில்லை. நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அப்பறவைகளின் பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுகிறது. ஆனால் எப்படிப் பார்க்கிறோம் என்பது எம் கையில் இருக்கிறது. அங்கே பார்வையாளர் படம் பிடிக்க அனுமதி இல்லை. "இவ்வளவு காசு கட்டி வந்து ஒரு படங்கூட எடுக்கக் கூடாதா?" என்று குறைப்படுவோர் உண்டு. கோயிலில் திரை விலகும் வரை அமைதியாகக் காத்து நிற்கிறோம். மூலஸ்தானத்தில் கமராவை நீட்டுவதில்லை. கண்ணால் கண்டு மனத்தில் பதித்துக்கொண்டு திரும்புகிறோம். அந்தப் பழக்கம் உள்ள எமக்குக் கடற்கரையில் ஒரு மணி நேரம் அமைதியாய் இருப்பது கடினமாக இராது.

காவலரும் அறிவித்தல் பலகையும் இல்லாத இடங்களில்தான் உண்மையான சோதனை. கோடையில் விக்ரோறியாக் கடற்கரைகளில் 'ஹூடட் புளோவர்' என்னும் சிறு பறவை வெறும் மணலிலேயே முட்டையிடும். நாமோ நாயோ அருகில் போனால் தாய்ப்பறவை எழுந்து விலகிவிடும். நிழலின்றிக் கிடக்கும் முட்டை வெயிலில் கெட்டுவிடும். பொரித்த குஞ்சு முதல் நாளிலிருந்தே தானே இரை தேட வேண்டும். மனிதரைக் கண்டு பதுங்கியே கிடந்தால் பட்டினியால் இறக்கும். நாம் அந்தப் பறவையைக் கண்டிருக்கவே மாட்டோம். ஆயினும் துன்பம் எம்மால் வந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு எளிய விதி ஒன்றைச் சொல்லிக் கொடுக்கலாம். நாம் வந்ததால் ஒரு விலங்கு தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எம்மைப் பார்க்கிறதென்றால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். கல்லெறிந்து எழுப்புவதும், சத்தமிட்டுத் திரும்ப வைப்பதும், படத்துக்காகத் தின்பண்டம் நீட்டுவதும் விளையாட்டுப் போலத் தோன்றினாலும் இன்னா செய்தலே ஆகும். பிலிப் தீவிலிருந்து புறப்படும் முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பென்குயின் ஒன்று அங்கே ஒதுங்கியிருக்கக்கூடும்.

பிள்ளைகளோடு பேசுவதற்கு:

1. தேர்மணியைக் கட்டிய தலைவனை யாரும் பார்க்கவில்லை என்றால், அவன் அப்படிச் செய்திருப்பானா?

2. ஓர் உயிரைத் தொடாமலே அதற்குத் துன்பம் தரும் செயல்கள் மூன்றைச் சொல்லுங்கள்.

3. அடுத்த விடுமுறைப் பயணத்தில் எமது குடும்பம் எந்த 'மணி'யைக் கட்டிவைக்க வேண்டும்?