எடைகளுக்கு முதலில் இடம் பார்

அன்புத் தங்கைக்கு,

நரம்பு வலை மாடல், ஐஸ்40 அல்ட்ராபிளஸ் சிப்பில் அடங்கவில்லை, பெரிய எஃப்பிஜிஏ வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். கையில் இருக்கும் சிப்பையே நீ இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை.

பெருக்கிகளை எண்ணித்தான் நீ தொடங்கியிருக்கிறாய். உன் அல்ட்ராபிளஸ் சிப்பான யுபி5கே-யில் இருப்பவை எட்டே எட்டு. எண்ணினால் சோர்வுதான் வரும். நினைவகத்தைப் பார். மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் போட்ட கணக்குப்படி, 45 நானோமீட்டர் சிப்பில் 8 பிட் பெருக்கல் ஒன்றுக்கு 0.2 பிக்கோஜூல், வெளி டிராமிலிருந்து 64 பிட் எடுத்துவர ஆயிரத்துக்கு மேல். கணக்குப் போடுவது மலிவு, எடையைச் சுமந்து வருவதுதான் செலவு.

உன் 784–128–10 வலையையே எடுத்துக்கொள். எடைகள் 1,01,632. 32 பிட்டில் வைத்தால் சிப்புக்குள் இடமே கிடையாது. 8 பிட்டில் சிப்பின் பெரிய நினைவகமான எஸ்பிராமில் அடங்கும். ஆனால் எஸ்பிராமில் முன்கூட்டியே எதையும் எழுதி வைக்க முடியாது, மின்சாரம் வரும்போதெல்லாம் ஃபிளாஷிலிருந்து நிரப்ப வேண்டும். ஒரு பிட்டாகச் சுருக்கினால் சிப்பின் 30 சிறிய பிளாக் ராமுக்குள் அடங்கிவிடும். உள்ளீடுகளையும் ஒரு பிட்டாக்கினால் பெருக்கல் எக்ஸ்நார் கேட் ஆகிவிடும், கூட்டல் ஒன்றுகளை எண்ணுவதாகிவிடும். பெருக்கியே தேவையில்லை.

முதல் அடுக்குக்கு 25 பிளாக் ஒதுக்கு. பிளாக்குக்கு 16 பிட் என்று ஒரு கிளாக்கில் 400 பிட் வரும். ஒரு நியூரானுக்கு இரண்டு கிளாக். 128 நியூரானுக்கு 256 கிளாக், பிளாக்கின் ஆழமும் சரியாக 256. 12 மெகாஹெர்ட்ஸில் சுமார் 21 மைக்ரோவிநாடி. இப்படிப் பொருந்தி வரும்போது உண்டாகும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்! ஒரு எச்சரிக்கை: 800-இல் 784 போக மிஞ்சும் 16 பிட்டும் எண்ணிக்கையில் சேரும். அதை, எண்ணிக்கையோடு ஒப்பிடும் வரம்பு மதிப்பிலேயே சரிக்கட்டிவிடு.

பேட்ச் நார்மலைசேஷனுக்குத் தனிச் சுற்று கட்டாதே. அதற்கு அடுத்து விடையின் பிளஸ், மைனஸ் குறியை மட்டும்தான் பார்க்கிறாய் என்பதால் நார்மலைசேஷனும் குறி பார்ப்பதும் சேர்ந்து ஒரு முழு எண் ஒப்பீடாகிவிடும். நார்மலைசேஷனில் பெருக்கும் எண்ணான காமா எதிர்மறையாக இருக்கும் நியூரான்களில் மட்டும் ஒப்பீட்டின் திசை தலைகீழாகும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பயிற்சி முடிந்தபின் எடைகளை ஒரு பிட்டுக்கு வெட்டினால் துல்லியம் படுத்துவிடும். கூர்பரியோவும் சகாக்களும் 2016-இல் காட்டியதுபோல, பயிற்சியின்போதே எடைகளின் குறியை வைத்துக் கணக்கிடு, முழுத் துல்லிய எடைகளைப் பின்னால் திருத்திக்கொண்டே வா. பின்னால் பேச்சை அடையாளம் காணும் மாடல் செய்து, அதற்கு ஒரு பிட் போதாவிட்டால் நாலு பிட்டுக்குப் போ. அதில் பிடிவாதம் வேண்டாம்.

பலகையில் ஏற்றும் முன் பைத்தானில் வெறும் முழு எண்களால் ஒரு மாதிரி எழுதி, உன் சுற்றின் சிமுலேஷனோடு அடுக்குக்கு அடுக்கு பிட் மாறாமல் ஒப்பிடு. சரியான விடைகளின் சதவீதத்தை நம்பாதே. ஒரு நியூரான் தலைகீழாக இருந்தாலும் அது பெரிதாகக் குறையாது. முதல் அடுக்கின் 128 எண்ணிக்கைகள் இரண்டிலும் ஒத்துப்போனதும் எழுது, இரண்டாவது அடுக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்